கதைக்குள் வராத வண்டி

தமிழ்ச் சிறுகதைகளில் ரயில் மிகவும் சமர்த்து. கதாசிரியர் எப்போது நினைக்கிறாரோ அப்போது வரும். காதலர்கள் பேசி முடிக்கிற வரையில் நிற்கும். கண்ணீர் கன்னத்தில் இறங்குகிற சமயம் பார்த்து ஊதிவிட்டுக் கிளம்பும். பஸ்ஸும் அப்படித்தான். கதாநாயகி ஏறினால் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருக்கும்; பக்கத்து இடத்தில் பத்து வருஷத்துக்கு முந்திய காதலன் உட்கார்ந்திருப்பான். அந்த வண்டியை யார் ஓட்டுகிறார்கள், அது ஏன் அந்த நேரத்துக்கு வந்தது, வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டியவர்கள் விமரிசகர்கள். அவர்களுக்கு வேறு கவலைகள். என்னைக் கேட்டவர் ஒரு வாசகர்.

என் நாவல் ஒன்றில் கதாநாயகன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். குடித்தனம் பூந்தமல்லியில். ஓர் அத்தியாயத்தில் அவன் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடிவருகிறான், கார்டு பச்சைக் கொடி அசைக்கிறார், வண்டி ஊதுகிறது, அவன் தாவி ஏறுகிறான், கால் மணி நேரத்தில் பூந்தமல்லியில் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. புத்தகம் வந்து சில மாதம் கழித்து அம்பத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூந்தமல்லிக்கு ரயில் கிடையாது என்பது முதல் விஷயம். மின்சார ரயிலில் கார்டு மணியடித்துத்தான் வண்டியைக் கிளப்புகிறார், இரண்டு மணி கேட்டால் மோட்டார்மேன் எடுப்பார் என்பது இரண்டாவது. பஸ்ஸில் போனாலும் சாயங்கால வேளையில் கால் மணி நேரத்தில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு எந்தப் பிறவியும் போய்ச் சேரமுடியாது என்பது மூன்றாவது. கடைசியில் ஒரு வரி: “அவன் எப்படி வீட்டுக்குப் போனான் என்பதே தங்களுக்குத் தெரியவில்லை. போகும்போது மனசில் என்ன நினைத்துக்கொண்டான் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?”

முதலில் எனக்குக் கோபந்தான் வந்தது. இதெல்லாம் மேல்பூச்சில் உள்ள பிழை, அடுத்த பதிப்பில் இரண்டு வார்த்தையை மாற்றினால் தீர்ந்தது என்று எடுத்துவைத்தேன். மாற்ற உட்கார்ந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. அந்த அத்தியாயத்தில் புருஷன் மனைவிக்குள் சண்டை வருகிறது. தினமும் அவன் நேரங்கழித்து வருகிறான் என்பது அவள் குறை. நேரங்கழித்து வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நான் ஒரு கெட்ட சிநேகிதனைச் சிருஷ்டித்திருந்தேன். சீட்டாட்டம், கொஞ்சம் குடி, எல்லாம் உண்டு. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போகும் ஒருவனுக்குச் சிநேகிதனே தேவையில்லை. ஷிப்டு முடிந்து பத்து நிமிஷம் பிந்தினால் போதும். ஒரு பஸ் போய்விடும். அடுத்தது நிரம்பி வரும். அதற்கடுத்ததில் தொங்கிக்கொண்டு போய், இறங்கி, இன்னொன்று மாறி, வீட்டுக்குப் போகும்போது சோறு ஆறியிருக்கும். யாரும் தப்புச் செய்யாமலே சண்டைக்கு எல்லாம் தயார். நான் ஓர் ஆளை வில்லனாக்கி, இருபது பக்கம் செலவழித்து, இருந்ததைவிடச் சின்னதாக ஒரு கதையை எழுதியிருக்கிறேன்.

கடிதக்காரருக்குப் பதில் எழுதினேன். ஒருநாள் காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். போனேன். “சார், வண்டியைப் பாக்காதீங்க, பின்னாடி பாருங்க” என்றார். எல்லாரும் முன்னால் பார்க்கிறார்கள், ஏறுவதற்காக. வண்டியின் கடைசியில் ஒரு சின்ன அறையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தலையை வெளியே நீட்டி, பிளாட்பாரம் முழுவதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுகிறவர்கள், ஏறுவதாகப் பாவனை செய்து ஏறாதவர்கள், படியில் ஒற்றைக் காலை வைத்தவர்கள் எல்லாரும் அந்தப் பார்வையில் அடங்கவேண்டும். அப்புறந்தான் அந்த இரண்டு மணி. பெண்கள் பெட்டிக்கு ஓடிவந்த ஓர் அம்மாள் கடைசிப் படியில் கை வைத்தபோது அவர் மணியடிக்கவில்லை. இரண்டு விநாடி, அதிகம் போனால் மூன்று விநாடி. வண்டியில் இருந்த ஆயிரக்கணக்கான பேரின் மூன்று விநாடியை அவர் அந்த அம்மாளுக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இவருக்குக் கார்டு என்று பெயர். 2022 ஜனவரியில் ரயில்வே அந்தப் பெயரை டிரெயின் மானேஜர் என்று மாற்றியது. எந்தப் பெயரில் தேடினாலும் தமிழ்க் கதையில் அவரைக் காணோம்.

என் நண்பர் இன்னொன்றும் காட்டினார். அண்ணனூருக்குப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து விடியுமுன் வெளியே வருகிற ஒரு வண்டி, ராத்திரி திரும்பிப் போய்ப் படுக்கும் வரையில், ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசி ஸ்டேஷனில் வண்டி திரும்புவதில்லை. முன்புறம் பின்புறமாகிவிடுகிறது, அவ்வளவுதான். மோட்டார்மேன் இருந்த முனைக்குக் கார்டு வருகிறார், கார்டு இருந்த முனைக்கு மோட்டார்மேன் போகிறார். காலையில் பேசின் பிரிட்ஜில் பத்து நிமிஷம் நின்றுவிட்ட வண்டி, அந்தப் பத்து நிமிஷத்தையும் சுமந்துகொண்டுதான் திரும்புகிறது. மத்தியானம் ஆவடியில் ஏறுகிறவர் அந்தக் கடனை அடைக்கிறார். யார் பட்ட கடன் என்று அவருக்குத் தெரியாது. நாவலாசிரியனுக்கு இதைவிட வசதியான யந்திரத்தை யாரும் செய்து கொடுக்க முடியாது. ஒருவர் செய்த காரியத்தின் பலனை, முன்பின் பார்த்திராத இன்னொருவர் அனுபவிப்பதைச் சொல்லத்தான் நாம் விதி என்றும் கர்மம் என்றும் பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடுகிறோம்.

பேசின் பிரிட்ஜில் ஏன் நிற்கிறது என்று பெட்டிக்குள் நூறு அபிப்பிராயம் உண்டு. மேற்கேயிருந்து வரும் பாதையும் வடக்கே கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் பாதையும் அங்கேதான் சேர்கின்றன. வெளியூர் வண்டிகளும் அந்த வாசலில்தான் நுழையவேண்டும். புறநகர்ப் பாதைகளில் பெரும்பாலும் சிக்னல் தானாகவே மாறுகிறது. முன்னால் போன வண்டி தண்டவாளத்தை விட்டுத் தாண்டியதைத் தெரிந்துகொண்டு சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும். தானியங்கிச் சிக்னல் சிவப்பாகவே இருந்தால், பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, எச்சரிக்கையோடு மெல்ல நகரலாம் என்று விதி இருக்கிறது. இருட்டுக்கு ஒரு நிமிஷம் அதிகம் கொடுத்த அந்த விதியை எழுதியவரிடம் கொஞ்சம் கதாசிரியர் இருந்திருக்கவேண்டும்.

லெவல் கிராசிங் விஷயமும் அப்படித்தான். கேட் மூடிப் பூட்டினால் ஒழியச் சிக்னல் விழாதபடி இரண்டையும் பிணைத்திருக்கிறார்கள். கேட் இறங்கும்போது குனிந்து, வண்டியைச் சாய்த்து, உள்ளே நுழைந்துவிடுகிற மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர்; அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். கேட்காரர் கத்துகிறார். கேட் மூடவில்லை, சிக்னல் விழவில்லை, தூரத்தில் ரயில் நிற்கிறது. அந்த ரயிலில் அந்த மோட்டார் சைக்கிள்காரரின் மனைவி, இன்றைக்கும் கையெழுத்துப் போட நேரமாகிவிடுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இருவரும் சாப்பிட உட்கார்ந்து, நாள் எப்படிப் போயிற்று என்று ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். அதற்குமேல் நான் எழுதவேண்டியதில்லை. வேண்டியவர்கள் இந்தக் கருவை எடுத்துக்கொள்ளலாம்.

நம்மவர்களில் யாருமே வண்டியைப் பார்க்கவில்லை என்று சொல்வது அநியாயம். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வந்தது 1943-ல். அதில் பிள்ளையவர்கள் கடவுளைச் சந்திப்பதற்கு முன்னால் பிராட்வே முனையில் நின்று, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்தால் எவ்வளவு மிஞ்சும், வெற்றிலையா காப்பியா என்று கணக்குப் போடுகிறார். சென்னையில் 1895-ல் ஓட ஆரம்பித்த டிராம் 1953-ல் நின்றுபோயிற்று. தண்டவாளத்தையும் பெயர்த்தாயிற்று. அந்தக் கால் அணா யோசனை மட்டும் அந்தக் கதையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடவுள் வந்தார் என்பதை நாம் நம்புவது எதனால்? பஸ் கட்டணம் சரியாக இருப்பதனால்தான் என்பது என் கட்சி. கணக்கு தெரிந்த ஆள் கடவுளைப் பற்றிச் சொன்னாலும் கேட்கலாம்.

ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ முழுக்க ரயில்தான். கல்கத்தாவுக்கு வேலைக்குப் போகிற சின்னப் பெண்ணுக்கு ஒரு பையன் ஆரஞ்சுப் பழம் கொடுக்கிறான். அந்த ரயிலில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நெடும் பிரயாண ரயிலின் தர்மமே அதுதான். முகம் தெரியாதவர்களைக் கொஞ்ச நேரம் ஒரு குடும்பமாக்கிவிட்டுப் பிறகு பிரித்துவிடும். ஆனால் அந்தக் கதை எழுதப்பட்ட பிறகு, புறநகர் வண்டியைப் பற்றி எழுதுகிறவர்களும் அதே ஆரஞ்சுப் பழத்தையே தேடிக்கொண்டிருக்கிறார்கள். திருநின்றவூரில் ஏறி நின்றுகொண்டே வருகிறவர்கள் முகம் தெரியாதவர்கள் அல்ல. தினமும் அதே பெட்டி, அதே கதவோரம், அதே ஆட்கள். பெயர் தெரியாது, ஆனால் ஒருநாள் வராவிட்டால் உடம்பு சரியில்லையோ என்று தோன்றும். அந்நியரும் இல்லை, சிநேகிதரும் இல்லை. இந்த உறவுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூட இல்லை. வார்த்தை இல்லாத இடத்தில்தான் கதைக்கு வேலை.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-ல் வந்து ஊரைக் கலக்கியது. மழை, காத்திருக்கும் கல்லூரிப் பெண்கள், மற்றவர்கள் போய்விட மிஞ்சுகிற ஒருத்தி, பிறகு வந்து நிற்கிற கார். அம்மா தலையில் தண்ணீர் கொட்டுவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. பஸ் வராத அரைமணி ஒரு பெண்ணின் வாழ்க்கையை முறிக்கும் என்று ஜெயகாந்தனுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மழையையும் காரையும் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுகிற நாவலில் ரயில் முக்கியமே அல்ல. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973). குழாயில் நீர் வராத ஒரு தெரு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற பெண்கள், தோண்டிப்போட்ட பள்ளம். நகரசபை நீர் விநியோகத்தைப் பற்றி அவர் பிரசங்கம் செய்யவில்லை. ஆனால் புத்தகத்தை மூடும்போது, ஜமுனாவின் வாழ்க்கையும் அந்தக் குழாயும் வேறு வேறல்ல என்று தெரிந்துவிடுகிறது. நகரத்தின் ஏற்பாடு ஒன்று மனுஷர்களின் குணத்துக்குள் எப்படிப் புகுந்துகொள்கிறது என்பதை அவர் குழாயை வைத்துக் காட்டினார். ரயிலை வைத்து, பஸ்ஸை வைத்து அதே மாதிரி ஒன்று நம்மிடம் இல்லை.

ஏன் இல்லை? சோம்பல் ஒரு காரணம். இன்னொன்றைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். கடற்கரை - தாம்பரம் பாதை 1931-லேயே மின்சாரப் பாதையாகிவிட்டது. எழுத்தாளர்கள் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருந்தார்கள். ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா அந்த வண்டியில் போனான். ஆகவே கதையில் எப்போதாவது அந்த வண்டி தலைகாட்டிற்று. மேற்குப் பாதை வேறு ஜாதி. 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது இந்தத் திசையில்தான், ஆவடி வழியாக. மின்சார வண்டி வருவதற்கு 1979 வரை ஆயிற்று. ஸ்டேஷன் பெயர்களைப் பாருங்கள்: பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஊர்ப் பெயரோடு பட்டறையின் பெயரும் பலகையில் இருக்கிறது. பெட்டி செய்கிறவர்கள், டாங்கி செய்கிறவர்கள், சைக்கிள் செய்கிறவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவர்கள் போகிற பாதை இது. இவர்கள் வீட்டுக்குப் போய்க் கதை எழுதுவதில்லை, அல்லது எழுதினாலும் நமது பத்திரிகைகளுக்கு வந்து சேர்வதில்லை. ஆவடி என்றால் 1955 காங்கிரஸ் மகாநாட்டை நினைத்துக்கொள்கிற வாசகர்கள் இருக்கிறார்கள். அங்கே தினமும் காலையில் இறங்கி ஏறுகிற கூட்டம் எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றுவதில்லை. அதனால் அது கண்ணில் படுவதில்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். பூந்தமல்லியிலிருந்து பிராட்வே போகிற 54-ல் காலை நேரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குக் கண்டக்டர் என்றால் யார் என்று தெரியும். அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்; பணம் கைமாறிக் கைமாறி அவரிடம் வருகிறது, டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பிப் போகின்றன. ஏழு பேர் கைபட்டுப் போன ஒரு ரூபாய் ஏழாவது ஆளிடம் சரியாகப் போய்ச் சேருகிறது. இந்த ஊரில் நாணயம் குறைந்துவிட்டது என்று தலையங்கம் எழுதுகிறவர்கள் இந்த பஸ்ஸில் ஏறுவதில்லை போலும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம். பணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. கொடுத்த கணக்கு வேண்டுமே. ஏறுகிற பெண்களை எண்ணித் தாள் கிழித்துக் கொடுக்கிறார் கண்டக்டர். அவருடைய கணக்கில் அது ஒரு தாள். பூந்தமல்லியில் இருக்கிற ஒரு மாமியாரின் கணக்கில் அது, “பஸ்ஸுக்குக் காசு ஏது?” என்று மருமகளைக் கேட்க முடியாமற் போன நாள். எத்தனை வீடுகளில் எத்தனை பேச்சு இதனால் மாறியிருக்கும்! இதுபற்றிப் பொருளாதாரக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நல்ல கதை ஒன்று என் கண்ணில் படவில்லை.

பூந்தமல்லி ரயில் இல்லாமலே வளர்ந்த ஊர். தாம்பரத்துக்குப் போக 66, அண்ணா சதுக்கத்துக்கு 25ஜி என்று எண்களால் உலகத்தோடு கட்டப்பட்ட ஊர். ரெய்மோன் க்வெனோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1959-ல் ஒரு நாவல் எழுதினார். ஸாஸீ என்ற குட்டிப் பெண் பாரிசுக்கு வருகிறாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் சுரங்க ரயிலில் ஒரு தடவை ஏறவேண்டும். அன்றைக்குப் பார்த்து வேலைநிறுத்தம். புத்தகம் முழுக்க ரயில் ஓடவில்லை. கடைசியில் ஓடுகிறபோது அவள் தூங்கிப்போகிறாள். ஓடாத ரயிலை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தையே அவர் எழுதிவிட்டார். பூந்தமல்லிக்காரர்கள் பல வருஷம் சாலை நடுவே தூண்கள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு, தூசியைத் தின்றுகொண்டு, பஸ்ஸில் நின்றார்கள். 2025 மார்ச்சில் அங்கிருந்து முல்லைத்தோட்டம் வரை மெட்ரோவின் சோதனை ஓட்டம் நடந்தது. ஓட்டுகிறவரே வேண்டாத ரயில் அது. கார்டை நாம் எழுதவில்லை, மோட்டார்மேனை எழுதவில்லை, எழுதலாம் என்று பேனாவைத் திறப்பதற்குள் இரண்டு பேருமே வண்டியிலிருந்து இறங்கிவிடுவார்கள் போலிருக்கிறது.

இதெல்லாம் இலக்கியமா, ரயில்வே கையேடா என்று ஒரு பத்திரிகாசிரியர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஸோலா 1890-ல் ‘மனித மிருகம்’ வெளியிடுவதற்கு முன் எஞ்சினில் ஏறி நின்றுகொண்டு பாரிசிலிருந்து பிரயாணம் செய்தார். அந்த நாவலில் நிலக்கரி, நீராவி, பனியில் சிக்கிய வண்டி எல்லாம் இருக்கின்றன. சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொலைகாரனை நாம் நம்புவது, அவன் தன் எஞ்சினைத் துடைக்கிற விதத்தைப் பார்த்த பிறகு. இன்னும் அடக்கமான உதாரணம் வேண்டுமென்றால் மாக்னஸ் மில்ஸ். லண்டனில் பஸ் ஓட்டியவர். 2009-ல் வந்த அவருடைய சிறு நாவல், பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இடைவெளியைக் காப்பதைப் பற்றியது. முழுக்க அதைப் பற்றி மட்டுந்தான். பிந்தி வருகிற டிரைவருக்கு மன்னிப்பு உண்டு, முந்தி வருகிறவனுக்கு இல்லை என்பது அங்கே சாஸ்திரம். கொலை இல்லை, காதல் இல்லை. சிரித்துக்கொண்டே படித்து முடித்து, பாதி உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. நம் ஊர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பரின் கூண்டு முன்னால் டிரைவரும் கண்டக்டரும் நின்று வாதாடுவதைக் கேட்டவர்களுக்கு அந்த நாவலை மொழிபெயர்க்கவே வேண்டாம்.

என் நாவலுக்கு வருகிறேன். இரண்டாம் பதிப்பில் கெட்ட சிநேகிதனை அடியோடு எடுத்துவிட்டேன். கொடியும் ஊதலும் போயின. கதாநாயகனை அம்பத்தூரில் ரயிலேற்றி, ஆவடியில் இறக்கி, அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ் பிடிக்கவைத்து, வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பதாக்கினேன். சண்டை முன்னைவிடச் சுருக்கமாகவும் கடுமையாகவும் வந்தது. புத்தகத்தை அம்பத்தூர் நண்பருக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. சிநேகிதன் போனதில் அவருக்கு நிரம்பத் திருப்தி. “ஆனால் அவன் ஆவடியில் ஏறுகிற பஸ்ஸுக்கு 54 என்று போட்டிருக்கிறீர்கள். 54 அந்தப் பக்கமே வராது” என்று எழுதியிருந்தார்.